சேலம் - ஓசூர்: பறந்தால் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

தர்மபுரி அருங்காட்சியகத்தில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு மைல்கல் இருக்கிறது. மைல் என்ற அளவே அப்போது இங்கே கிடையாது, ஆகவே காதக்கல் என்று சொல்வதுதான் சரி. அதியமான் பெருவழி என்ற சாலையின் பெயரும், அங்கிருந்து நாவல் தாவளம் என்ற ஊர் 29 காதம் என்ற கணக்கும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தும் எண்ணும் தெரியாத வழிப்போக்கனுக்காக 2 பெரிய குழிகளும் 9 சிறிய குழிகளும் குடைந்து வைத்திருக்கிறார்கள். இருட்டில் விரலால் தடவிப் பார்த்துக்கூட தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். எழுநூறு வருடத்துக்கு முந்தைய கைகாட்டி மரம்!

பயணத்தில் மனிதனுக்கு எப்போதும் இரண்டே கேள்விகள்தான். எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்? இதே இரண்டு கேள்விகளை வானத்தைப் பார்த்துக் கேட்டால் தர்மபுரிக்காரருக்கு என்ன பதில் கிடைக்கும்? தர்மபுரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. ஆனால் தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று என்று இரண்டு சிறிய ஓடுதளங்கள் இருக்கின்றன. தெற்கே சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே காமலாபுரம். வடக்கே ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளி. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டால் அது தர்மபுரி மாவட்டத்துக்கு மேலேதான் போகும்.

கோட்டின் நீளம் சுமார் 103 கி.மீ. சாலையில் தொப்பூர் கணவாய், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று சுற்றிப் போனால் ஏறத்தாழ 150 கி.மீ. ஆகும்.

நேரம்? இங்கேதான் பலர் ஏமாந்து போவார்கள். ஏ.டி.ஆர்.-72 என்ற 70 இருக்கை விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும். வகுத்துப் பார்த்தால் 12 நிமிடம்தான். ஆனால் விமானம் பஸ் மாதிரி ஸ்டாண்டை விட்டுக் கிளம்பியதும் வேகம் எடுத்துவிடாது. ஓடுதளத்தின் முனை வரை ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும், ஓடுதளத்துக்கு நேராக வர ஒரு சுற்று சுற்ற வேண்டும், மறுபடி ஊர்ந்து வந்து நிற்க வேண்டும். எல்லாம் சேர்த்தால் அரை மணி நேரம் ஆகிவிடும். சேலம் - சென்னை வான்தூரம் சுமார் 265 கி.மீ.தான். அதற்கும் கால அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் போடுகிறார்கள். குறுகிய பயணத்தில் நேரம் தூரத்தைப் பொறுத்து அல்ல, ஏறி இறங்கும் சடங்குகளைப் பொறுத்துத்தான் அமைகிறது.

சரி, அரை மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த அரை மணி நேரப் பயணத்துக்கு டிக்கெட் எங்கே வாங்குவது? எங்கும் வாங்க முடியாது. சேலத்துக்கும் ஓசூருக்கும் இடையே பயணிகள் விமானம் பறந்ததே இல்லை. அப்படி ஒரு விமானம் தேவையா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருவோம். முதலில் இந்த இரண்டு ஓடுதளங்களும் எப்படி வந்தன என்று பார்ப்போம்.

தர்மபுரி மாவட்டத்தில் விமானம் செய்தார்கள்!

இது இன்றைய தர்மபுரி மாணவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி. பழைய சேலம் மாவட்டத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தது 1965 அக்டோபர் 2-ஆம் தேதி. அப்போது ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை எல்லாமே தர்மபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி. இடைப்பட்ட 38 ஆண்டுகளில் ஓசூரில் நடந்ததெல்லாம் தர்மபுரி மாவட்டத்தின் சரித்திரமே.

அந்த 38 ஆண்டுகளுக்குள்தான் தனேஜா ஏரோஸ்பேஸ் அண்ட் ஏவியேஷன் என்ற நிறுவனம் வந்தது. தொடங்கிய ஆண்டு 1988. இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகரைச் சேர்ந்த பார்ட்டனேவியா என்ற கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பி-68 என்ற சிறிய விமானத்தை பேளகொண்டப்பள்ளியில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். உடலுக்கு மேலே இறக்கை, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின், விமானியையும் சேர்த்து ஆறு பேர் உட்காரலாம். இங்கே தயாரான முதல் விமானம் 1994-ல் பறந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் ராணுவத்துக்கு அல்லாத விமானத்தைத் தயாரித்த முதல் தனியார் நிறுவனம் என்று இதைச் சொல்கிறார்கள். பஞ்சம் பிழைக்கப் போகிறவர்களின் மாவட்டம் என்றே செய்தித்தாள்களில் பெயர் வாங்கிக்கொண்டிருந்த தர்மபுரி, அந்தச் சமயத்தில் விமானமும் செய்துகொண்டிருந்தது!

ஏன் ஓசூர்? பெங்களூரில் ஹெச்.ஏ.எல். இருந்தது, தேசிய விண்வெளி ஆய்வகம் இருந்தது, விமானத் தொழில் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். பேளகொண்டப்பள்ளியிலிருந்து ஹெச்.ஏ.எல். விமான நிலையம் வான்வழியில் 35 கி.மீ.கூட இல்லை. ஆய்வகம் வடிவமைத்த 'ஹன்சா' என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தைத் தயாரிக்கும் வேலையும் பின்னால் இந்த நிறுவனத்துக்கே வந்தது.

வியாபாரம் எதிர்பார்த்தபடி போகவில்லை. சொந்தமாகச் சின்ன விமானம் வாங்குகிறவர்கள் அந்தக் காலத்து இந்தியாவில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? போதாக்குறைக்கு இத்தாலிய கம்பெனியே நொடித்துப்போனது. பி-68 விமானத்தின் உரிமை 1998-ல் வல்கனேர் என்ற இன்னொரு இத்தாலிய நிறுவனத்துக்குப் போய்விட்டது. பேளகொண்டப்பள்ளியில் விமான உதிரி பாகங்கள் தயாரிப்பதும், விமானங்களைப் பராமரிப்பதும் முக்கியத் தொழிலாக மாறின. ஏர் வொர்க்ஸ் நிறுவனத்தின் பராமரிப்புக் கூடமும் இங்கே வந்தது. ஏர்பஸ், போயிங், ஏ.டி.ஆர். விமானங்கள் பழுது பார்க்க இங்கே பறந்து வந்து இறங்குவது வழக்கமாயிற்று.

இதில் ஒரு விசித்திரம். பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தின் நீளம் சுமார் 7,000 அடி, அதாவது 2,130 மீட்டர். பயணிகள் வந்து போகும் சேலம் ஓடுதளத்தின் நீளம் 1,806 மீட்டர்தான். நீளமான ஓடுதளத்தில் பயணிகள் இல்லை. பயணிகள் இருக்கும் ஓடுதளத்தில் பெரிய விமானம் இறங்க இடம் போதாது!

சேலம்: வந்ததும் நின்றதும்

காமலாபுரம் விமான நிலையம் 1993-ல் திறக்கப்பட்டது. தனியார் விமான நிறுவனங்கள் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. நிறுவனம் கொஞ்ச காலம் விமானம் விட்டது. கூட்டம் சேரவில்லை, நிறுத்திவிட்டது. சில வருடங்களில் அந்த நிறுவனமே மூடப்பட்டது. அதற்குப் பிறகு பல வருடங்கள் காமலாபுரத்தில் வாட்ச்மேன் இருந்தார், ஓடுதளம் இருந்தது, விமானம்தான் இல்லை.

2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்கு ஏ.டி.ஆர். விமானம் விட்டது. 2011-ல் அதுவும் நின்றது. அடுத்த வருடம் கிங்ஃபிஷரே தரை இறங்கிவிட்டது. மறுபடி ஓர் இடைவெளி. பிறகு மத்திய அரசின் 'உடான்' திட்டத்தில், 2018 மார்ச் 25-ஆம் தேதி, ட்ரூஜெட் நிறுவனத்தின் சென்னை விமானத்தை அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கி வைத்தார். சொந்த மாவட்டம் ஆயிற்றே! இந்த முறை கூட்டம் நன்றாகவே இருந்தது. கொரோனா வந்தது, ட்ரூஜெட் நிறுவனத்துக்கும் பணக் கஷ்டம், 2021-ல் சேவை நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூருக்கும் கொச்சிக்கும், இண்டிகோ ஐதராபாத்துக்கும் சென்னைக்கும் என்று மீண்டும் விமானங்கள் வந்தன.

முப்பது வருடத்தில் நான்கு முறை பிறந்த விமான நிலையம் இது. மற்ற மூன்று முறையும் ஏன் நின்றது என்று கேட்டால் சேலத்துக்காரர் கூட்டமில்லை என்பார், கம்பெனி திவால் என்பார். தர்மபுரிக்காரருக்கு இன்னொரு காரணமும் தோன்றும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம். அது கிளம்பும் நேரம் நமக்குத் தோதாக இருந்தால் ஏறலாம், இல்லாவிட்டால் ரயில்தான். ஒரே ஒரு பஸ் விடும் கிராமத்தில் அந்த பஸ்ஸை நம்பி யார் வேலைக்குப் போவார்கள்?

ஓடுதளத்தை நீட்டினால் பெரிய விமானம் வரும் என்று 2018-ல் காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் நிலம் எடுக்க ஏற்பாடு நடந்தது. விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். 1993 நிலையத்துக்கும் நிலம் கொடுத்த ஊர்கள்தான் இவை. கொடுத்த நிலத்தில் பல வருடம் விமானமே வராமல் இருந்ததைக் கண்ணால் பார்த்தவர்களிடம் மறுபடி நிலம் கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்?

2004: ஒரே வருடத்தில் இரண்டு கோடுகள்

தர்மபுரியின் விமானக் கதையில் 2004 மறக்கக் கூடாத வருடம். பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது ஓடுதளமும் விமானத் தொழிற்சாலையும் அந்தப் பக்கம் போய்விட்டன. அது நிர்வாகக் கோடு. ஜூலை மாதம் இன்னொரு கோடு விழுந்தது. அதை இங்கே யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

2004 ஜூலை 5-ஆம் தேதி, பெங்களூரில் தேவனஹள்ளி அருகே புதிய விமான நிலையம் கட்டுவதற்காக, மத்திய அரசும் அதைக் கட்டும் தனியார் கூட்டு நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதில் ஒரு நிபந்தனை: புதிய நிலையம் திறந்து 25 வருடம் முடியும் வரை, அதைச் சுற்றி 150 கி.மீ. வான்தூரத்துக்குள் போட்டியாக வேறு விமான நிலையம் வளர அரசு அனுமதிக்கக் கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. இரண்டுமே கர்நாடக ஊர்கள் என்பதைக் கவனியுங்கள். புதிய நிலையம் 2008 மே 24-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஆக, தடை 2033 மே மாதம் வரை.

கோடிக்கணக்கில் பணம் போடுகிறவன் பக்கத்திலேயே இன்னொரு கடை வரக் கூடாது என்று கேட்பது வியாபாரத்தில் சகஜம்தான். ஆனால் 150 கி.மீ. வட்டத்தை வரைந்தவர்கள் மாநில எல்லையைப் பார்க்கவில்லை. வரைபடத்தில் அளந்து பாருங்கள். பேளகொண்டப்பள்ளி தேவனஹள்ளியிலிருந்து சுமார் 60 கி.மீ., வட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டது. பாலக்கோடு சுமார் 107, பென்னாகரம் 120, தர்மபுரி நகரம் 128. எல்லாம் உள்ளே. தொப்பூர் கணவாய் 144, அதுவும் உள்ளே. காமலாபுரம் 161, வெளியே! அரூர் கிட்டத்தட்ட வட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. அதாவது வட்டத்தின் தெற்கு ஓரம் தொப்பூர் மலையை விட்டு இறங்கியதும் முடிகிறது. சேலம் மாவட்டம் தொடங்குவதும் அங்கேதான். யாரோ திட்டம் போட்டு வரைந்த மாதிரி தர்மபுரியின் பெரும்பகுதி வட்டத்துக்குள் வந்து, சேலம் நிலையம் 11 கி.மீ. வித்தியாசத்தில் தப்பித்தது.

ஓசூரிலிருந்து பயணிகள் விமானம் விடுவது பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோது மத்திய அரசு இந்த நிபந்தனையைத்தான் பதிலாகச் சொன்னது. 7,000 அடி ஓடுதளம் இருக்கிறது, பழுது பார்க்க ஏ.டி.ஆர். வருகிறது, அதே ஏ.டி.ஆரில் ஆள் ஏறக் கூடாது.

தர்மபுரிக்காரருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. 2008 மே வரை பெங்களூர் விமானங்கள் நகரத்தின் கிழக்கே உள்ள ஹெச்.ஏ.எல். நிலையத்திலிருந்து கிளம்பின. ஓசூர் சாலையில் போனால் நகரத்துக்குள் முழுதாக நுழையாமலே போய்விடலாம். புதிய நிலையம் நகரத்தின் வடக்கே போனதும், பெங்களூர் வரை 130 கி.மீ. போய், அந்தப் போக்குவரத்து நெரிசலையும் கடந்து, இன்னும் 35, 40 கி.மீ. போக வேண்டியதாயிற்று. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர் விமானத்தில் உட்காரும் நேரத்தைவிட, வீட்டிலிருந்து கிளம்பி விமானத்தில் உட்காரும் வரை ஆகும் நேரம் அதிகம் என்றால் நம்பித்தான் ஆக வேண்டும். ஓசூர், தளி பக்கம் விளையும் ரோஜாவும் அப்படித்தான். காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ரோஜா, பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தைத் தாண்டி, குளிர்பதன வண்டியில் தேவனஹள்ளிக்குப் போகிறது.

வந்த வசதி கைவிட்டுப் போவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு குட்டி ரயில் வந்தது. பிறகு அந்தப் பாதை ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-ல், அதை மூடி, தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள்.

ஐரோப்பாவில் எப்படி?

இப்போது தள்ளிவைத்த கேள்விக்கு வருவோம். 100 கி.மீ. தூரத்துக்கு விமானம் தேவையா?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள் இருக்கின்றன. அங்கே வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே 1967 முதல் லோகன்ஏர் விமானம் ஓடுகிறது. தூரம் 2.7 கி.மீ.! கால அட்டவணையில் 2 நிமிடம், காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இறங்கிவிடும். உலகத்திலேயே மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை இதுதான். அதில் பறக்கும் ஐலாண்டர் விமானமும் நம் பேளகொண்டப்பள்ளி பி-68 போலவே மேல் இறக்கையும் இரண்டு எஞ்சினும் கொண்ட சிறிய விமானம். கடல் குறுக்கே கிடக்கிறது, ஆசிரியரும் மருத்துவரும் போய் வர வேண்டும், ஆகவே அரசு மானியம் கொடுத்து நடத்துகிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் ஐரோப்பாவில்தான் இருக்கிறது. ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன், சுவிட்சர்லாந்தில் ஆல்டன்ரைன். கான்ஸ்டன்ஸ் ஏரியின் இரு கரைகளில் உள்ள சின்ன விமான நிலையங்கள். நடுவே 20 கி.மீ. தூரம். 2016 நவம்பரில் ஓர் ஆஸ்திரிய நிறுவனம் இவற்றுக்கு இடையே ஜெட் விமானம் விட்டது. பறக்கும் நேரம் 8 நிமிடம். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் இது அநியாயம் என்று சத்தம் போட்டார்கள், ஏறுவதற்கு ஆளும் இல்லை, 2017 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள்.

சேலம் - ஓசூர் இதில் எந்த வகை? சந்தேகமில்லாமல் இரண்டாவது வகை. குறுக்கே கடல் இல்லை. தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது, ஓமலூர், தர்மபுரி, ராயக்கோட்டை வழியாக ரயில் பாதையும் இருக்கிறது. 'உடான்' திட்டத்தின் முதல் கட்டணப் பட்டியலே 151 கி.மீ.யில்தான் தொடங்கியது. 103 கி.மீ.க்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. ஆகவே தர்மபுரிக்குத் தேவை சேலம் - ஓசூர் விமானம் அல்ல. இந்த இரண்டு நிலையங்களில் ஏதாவது ஒன்றிலிருந்து டெல்லிக்கும் மும்பைக்கும் துபாய்க்கும் நேராகப் போகும் விமானம். தெற்கே காமலாபுரம் 50 கி.மீ. சாலைத் தூரம்தான், ஆனால் ஓடுதளம் குட்டை. வடக்கே ஓடுதளம் நீளம், ஆனால் ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது.

2024 ஜூன் 27-ஆம் தேதி, ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். 150 கி.மீ. நிபந்தனை அப்படியே இருக்கும்போது இது எப்படி நடக்கும் என்று உடனே கேள்வி எழுந்தது. ஹெச்.ஏ.எல். நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் பாதுகாப்புத் துறையின் சம்மதமும் வேண்டும்.

ஒப்பந்தத்தில் இருப்பதாலேயே எதுவும் நடக்காது என்றும் சொல்லிவிட முடியாது. ஐதராபாத் விமான நிலையத்துக்கும் இதே 150 கி.மீ. நிபந்தனை உண்டு. வாரங்கல் அருகே மாம்னூரில் நிஜாம் காலத்து ஓடுதளம் ஒன்று அதனாலேயே பல வருடம் சும்மா கிடந்தது. கடைசியில் ஐதராபாத் நிலையத்தை நடத்தும் நிறுவனம் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தது, 2025-ல் மாம்னூருக்கு மத்திய அரசின் அனுமதி கிடைத்தது. பெங்களூர் நிறுவனமும் அப்படி எழுதிக் கொடுக்குமா? வாரங்கல் நிலையம் ஐதராபாத்தின் கூட்டத்தைப் பெரிதாகக் குறைத்துவிடாது. ஓசூர் அப்படி இல்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறவருக்கு தேவனஹள்ளியைவிட ஓசூர்தான் பக்கம். அது பெங்களூர் நிறுவனத்துக்கும் தெரியும்.

சம்மதம் கிடைக்காவிட்டால் 2033 மே 24 வரை காத்திருக்க வேண்டும். 1994-ல் முதல் விமானம் பேளகொண்டப்பள்ளியில் பறந்தபோது அதை வேடிக்கை பார்த்த பத்து வயதுப் பையனுக்கு அப்போது 49 வயது ஆகியிருக்கும்.